மறதி நோயும் சட்டமும்: லயத்து முதியவர்களுக்காக நாம் கேட்க வேண்டியவை

(சர்வதேச முதியோர் தினத்தையொட்டி தோட்ட நலன்புரி மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், எமது நலன்புரி உத்தியோகத்தர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



கொழுந்து நிறுத்துப் போட்டு, பீலிக்குப் போய் முகம் கழுவி, வீட்டில் அடுப்பைப் பார்க்க ஆள் வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். எனவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒக்டோபர் முதலாம் திகதி முதியோர் தினம். 1991 முதல் உலகம் முழுவதும் இந்த நாள் கொண்டாடப்படுகிறது. வழக்கமாக இப்படியான கூட்டத்தில் முதியவர்களுக்கு ஒரு பார்சல் கொடுப்போம், ஒரு பாட்டுப் பாடுவோம், போட்டோ எடுப்போம். அது நல்லதுதான். ஆனால் இம்முறை, நம் லயங்களில் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதுதான் மறதி நோய். டொக்டர்மார் அதை டிமென்ஷியா என்பார்கள். அந்த நோய்க்கு அரசாங்கமும் சட்டமும் என்ன செய்ய முடியும், என்ன செய்யவில்லை, நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இது என்ன நோய்?

வயசானால் மறதி வரும். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவோம், பேரனைக் கூப்பிட மகன் பெயரைச் சொல்லுவோம். இதெல்லாம் நோய் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிடும்.

மறதி நோய் வேறு. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயசு. மூக்குக் கண்ணாடி எதற்கு என்பதே மறந்துபோவது நோய். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த அம்மா, தன் லயத்துக்குப் போகும் பாதையில் நின்று "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். சோறு சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகவில்லை, "எனக்கு யாரும் சோறு போடல" என்று பக்கத்துக் காம்பராவில் போய்ச் சொல்லுவார். எப்போதோ செத்துப்போன தன் அண்ணனைத் தேடுவார். சந்தேகம் வரும், கோபம் வரும், இரவில் தூக்கம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உடுத்துவது, குளிப்பது, மலசலகூடம் போவது எல்லாம் பிறர் உதவியில்லாமல் முடியாமல் போகும்.

இது பேய் பிடித்ததும் இல்லை, செய்வினையும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளையில் உள்ள நரம்புக் கலங்கள் பழுதாகிச் சாவதால் வரும் நோய். இதில் அதிகமாகக் காணப்படும் வகைக்கு அல்சைமர் நோய் என்று பெயர். 1906 ஆம் ஆண்டு அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் நாட்டு டொக்டர் இதை முதன்முதலில் விளக்கிச் சொன்னார். அவர் பார்த்த நோயாளி ஐம்பது வயதைத் தாண்டியிருந்த ஒரு பெண். அடுத்த வகை, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது. பிரஷரையும் சீனி வருத்தத்தையும் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல்.

உலகம் முழுவதும் ஐந்தரைக் கோடிக்கும் மேலானவர்களுக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நமது நாட்டில் ராகமைப் பகுதியில் செய்யப்பட்டு 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 4 பேர் அளவில் இந்நோய் உள்ளவர்களாகக் காணப்பட்டார்கள். நம் தோட்டங்களிலும் ஆயுள் கூடியிருக்கிறது. முன்பு அறுபதைக் காணாமல் போனவர்கள் அதிகம். இன்று எண்பது வயசுப் பாட்டிமார் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். அது சந்தோஷமான விஷயம். அதோடு சேர்ந்து வந்ததுதான் இந்த நோயும்.

ஒன்றை மட்டும் முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், அதை "வயசு" என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல், சிறுநீரில் கிருமி, தலையில் அடி, பக்கவாதம், மருந்து ஒத்துக்கொள்ளாமை என்று எதுவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதேபோல மெதுவாக வரும் மறதியிலும், தைரொயிட் குறைவு, பி12 விட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்ற காரணங்கள் இருந்தால் வைத்தியத்தால் திருத்தலாம். அதனால்தான் டொக்டரிடம் ஒரு தடவையாவது காட்ட வேண்டும் என்கிறோம். அல்சைமர் நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் மருந்துகள் உண்டு. ஆனால் மருந்தை விடப் பெரிய வேலை பராமரிப்புத்தான்.

அந்தப் பராமரிப்பை யார் செய்கிறார்கள்?

நாம் போகும் லயங்களில் பார்ப்பது இதுதான். வீட்டில் ஒரு முதியவருக்கு இந்நோய் வந்தால், முதலில் பேர் விழாமல் போவது மகளுக்கு, அல்லது மருமகளுக்கு. "அம்மாவ தனியா வுட்டுட்டு எப்படிங்க மலைக்குப் போறது? அடுப்ப பத்த வச்சுருமோ, ஆத்துப் பக்கம் போயிருமோன்னு பயமா இருக்குது" என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் நிற்பார்கள், பிறகு நாலு நாள் நிற்பார்கள். பேர் குறைந்தால் சம்பளம் குறையும், சேமலாப நிதிக்குப் போகும் காசு குறையும். பிறகு பிள்ளைகளின் டியூஷன் நிற்கும். சில வீடுகளில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஸ்கூலை விட்டு நின்று பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருவருக்கு வந்த நோய் மூன்று தலைமுறையைத் தாக்குகிறது.

வேறு வழியில்லாமல் வெளியே பூட்டுப் போட்டுவிட்டு மலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் இருந்துகொண்டு, நாள் கூலியை நம்பிக்கொண்டு, இரவும் பகலும் ஒரு நோயாளியைப் பார்ப்பது லேசான காரியமில்லை. அன்பு இருந்தால் மட்டும் போதாது. ஓர் ஆள் கை உதவியும் வேண்டும்.

அந்த உதவி எங்கிருந்து வரும்? பக்கத்து வீட்டிலிருந்து கொஞ்சம் வரலாம். கோயில் கமிட்டியிலிருந்து கொஞ்சம் வரலாம். ஆனால் அது இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. நிரந்தரமாக வரவேண்டுமானால், "இதை இன்னார் செய்யவேண்டும்" என்று சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இதை நாம் சும்மா சொல்லவில்லை. 1939 இல் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. 1983 இல் சேவைக்காலப் பணத்துக்கான சட்டம் வந்தது. இன்றைக்குப் பிரசவச் சம்பளத்தை யாரும் கெஞ்சிக் கேட்பதில்லை. அது உரிமை. தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போவோம். பராமரிப்பும் அப்படி ஆகவேண்டும் என்பதுதான் எமது கருத்து.

ஜப்பான் நாட்டில் என்ன செய்தார்கள்?

உலகத்தில் முதியவர்கள் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று ஜப்பான். அங்கேயும் முன்பு பராமரிப்பு என்றால் மருமகளின் தலையில்தான். நாளாக ஆக, குடும்பத்தால் மட்டும் இதைத் தாங்க முடியாது என்று அரசு ஒத்துக்கொண்டது. 1997 இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லுகிறோம். நாற்பது வயது ஆனவர்கள் எல்லாரும் மாதாமாதம் ஒரு தொகை கட்டுகிறார்கள். வரிப் பணமும் அதோடு சேர்கிறது. 65 வயதுக்குப் பிறகு ஒருவருக்கு உதவி தேவைப்பட்டால் உள்ளூராட்சி சபைக்கு எழுதலாம். சபை ஓர் ஆளை வீட்டுக்கே அனுப்பும். அவர் வந்து, "எழுந்து நடக்க முடியுமா, தானாகச் சாப்பிட முடியுமா, ஞாபகம் எப்படி" என்று பார்த்து, எவ்வளவு உதவி தேவை என்பதைத் தீர்மானிக்க விபரம் எடுப்பார். அதன்படி வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடும் உதவியாளர், பகலில் விட்டு வைக்கும் நிலையம், வீட்டுக்காரர் களைத்துப்போனால் சில நாள் தங்கவைக்கும் இடம் என்று உதவிகள் கிடைக்கும். சாதாரண வருமானம் உள்ளவர் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் உள்ளவர்களுக்குக் கூட, இளம் வயதிலேயே மறதி நோய் வந்தால் இந்த உதவி உண்டு.

அடுத்தது பெயர். அங்கே இந்நோய்க்கு முன்பு இருந்த சொல், புத்தி கெட்டவர் என்ற பொருள் தரும் சொல். 2004 இல் அரசு அந்தச் சொல்லையே மாற்றியது. இப்போதுள்ள சொல், அறிந்துகொள்ளும் ஆற்றலில் வரும் நோய் என்று மட்டும் பொருள் தரும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் லயத்தில் ஒருவரை "அங்கொடை கேஸ்" என்று சொல்லிப் பாருங்கள், அந்த வீட்டார் பிறகு டொக்டரிடம் போவார்களா? போகமாட்டார்கள், ஒளித்துத்தான் வைப்பார்கள்.

2005 இலிருந்து சாதாரண மக்களுக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்தினார்கள். கடைக்காரர், பஸ் டிரைவர், பேங்க் கிளார்க், ஸ்கூல் பிள்ளைகள் என்று யாரும் போகலாம். நோய் என்றால் என்ன, வழி தெரியாமல் நிற்கும் முதியவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்படிப் படித்தவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு இருந்தும் ஒரு வழக்கு அந்த நாட்டையே உலுக்கியது. 2007 டிசம்பரில் 91 வயதான, மறதி நோயுள்ள ஒரு பெரியவர் வீட்டை விட்டு வெளியே போய் ரயிலில் அடிபட்டு இறந்துபோனார். அப்போது 85 வயதான மனைவி கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். மருமகள் வீட்டு வேலையில் இருந்தார். ரயில் தாமதமானதால் வந்த நஷ்டத்தைக் கட்டும்படி ரயில் கம்பனி குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் மனைவியும் மகனும் சுமார் 72 இலட்சம் யென் கட்ட வேண்டும் என்றது. மேல் நீதிமன்றம் மனைவி மட்டும் பாதித் தொகையைக் கட்டட்டும் என்றது. கடைசியில் 2016 மார்ச் முதலாம் திகதி உச்ச நீதிமன்றம், இந்தக் குடும்பம் எதுவும் கட்டத் தேவையில்லை என்று தீர்ப்புக் கூறியது.

எண்பத்தைந்து வயது அம்மா ஒரு நிமிஷம் கண் மூடியதற்கு இலட்சக் கணக்கில் தண்டமா என்று ஜனங்கள் கேட்டார்கள். நோயாளியைக் காப்பது குடும்பத்தின் வேலை மட்டுமா, ஊரின் வேலையுமா என்று நாடு முழுக்கப் பேச்சு எழுந்தது.

2023 ஜூனில் ஜப்பான் பாராளுமன்றம் மறதி நோய்க்கென்றே ஓர் அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜனவரி முதலாம் திகதி அது அமுலுக்கு வந்தது. நோயுள்ளவரும் மற்றவர்களைப் போல மரியாதையோடு ஊரில் சேர்ந்து வாழவேண்டும் என்பது அதன் நோக்கம். நாட்டுக்கு ஒரு திட்டம் போடவேண்டும் என்றும், அதைப் போடும்போது நோயுள்ளவர்களிடமும் குடும்பத்தாரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். இது நாம் கவனிக்க வேண்டிய இடம். நமக்காக யாரோ மேலே உட்கார்ந்து எழுதுவது வேறு, நம்மிடம் கேட்டு எழுதுவது வேறு.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். 2023 இல் மட்டும் அங்கே மறதி நோயுள்ளவர்கள் 19,000 பேருக்கு மேல் காணாமல் போனதாகப் பொலிஸில் முறைப்பாடு பதிவானது. பெரும்பாலானவர்கள் கண்டுபிடிக்கப்பட்டாலும் சிலர் உயிரோடு கிடைக்கவில்லை. பராமரிப்பு வேலைக்கு ஆள் பற்றாக்குறையும் உண்டு. ஜப்பான் பணக்கார நாடு, நம் நாடு அப்படி இல்லை என்பதும் உண்மை. ஆனால் பெயரை மாற்றவும், ஒன்றரை மணி நேர வகுப்பு வைக்கவும், நோயாளி வீட்டாரிடம் கருத்துக் கேட்கவும் கோடிக் கணக்கில் காசு வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

நமது நாட்டில் மறதி நோய்க்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதைச் சுற்றி இரண்டு மூன்று சட்டங்கள் உண்டு.

முதலாவது, மனநோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், 1873 இல் வந்தது. நம் பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டத்தில் வேலை செய்த காலம் அது. ஓர் ஆளை எப்படி நீதிமன்றம் மூலம் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பதுதான் அதன் முக்கிய விஷயம். வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. 2005 இல் அரசு ஒரு மனநலக் கொள்கை வகுத்தது. அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரி மட்டும் என்றில்லாமல், வெளி மாவட்டங்களிலும் மனநல கிளினிக்குகள் பெருகின. அது ஒரு முன்னேற்றம்.

இரண்டாவது, முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். 2011 இல் இது திருத்தப்பட்டது. இந்தச் சட்டப்படி 60 வயதைத் தாண்டியவர் முதியவர். முதியோருக்கான தேசிய சபை இதன் கீழ்தான் அமைந்தது. பிள்ளைகள் தாய் தகப்பனை வேண்டுமென்றே கைவிடக் கூடாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத முதியவர், பராமரிப்புச் சபைக்கு மனுக் கொடுத்துப் பிள்ளைகளிடமிருந்து பணம் பெறலாம். பிள்ளைகள் இல்லாத, ஆதரவற்ற முதியவர்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது அரசின் பொறுப்பு.

நல்ல சட்டம். ஆனால் பாருங்கள், பெற்றோரைக் கைவிட்ட பிள்ளையைப் பற்றி அது தெளிவாகப் பேசுகிறது. கைவிடாமல், பேரையும் இழந்து, தூக்கத்தையும் இழந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு யார் கைகொடுப்பது என்பதை அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. நம் லயங்களில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகைதான்.

மூன்றாவது, தோட்டம் என்பதால் வரும் சிக்கல். மற்ற ஊர்களில் சுகாதாரம் என்றால் அரசாங்கம். தோட்டத்திலோ 1912 இன் சட்டங்களிலிருந்தே சுகாதாரத்தின் ஒரு பகுதி தோட்ட நிர்வாகத்தின் தலையில் இருந்தது. பிறகு தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானபோதும், 1992 இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும், பொறுப்பு கை மாறியது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் ஏதாவது கேட்டால், தோட்டம் அரசைக் காட்டும், அரசு தோட்டத்தைக் காட்டும். நடுவில் நிற்பது நாம்.

சட்டத்தில் ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரதேச சபையே உதாரணம். 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவினால், பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கத் தடை இருந்தது. ஓட்டுப் போடுவது நாம், ஆனால் ரோட்டுப் போட முடியாது! பல வருஷம் குரல் கொடுத்த பிறகு 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. எனவே நாளைக்கு மறதி நோய்க்கென்று ஒரு சட்டமோ திட்டமோ வரும்போது, "தோட்டம்" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் முப்பது வருஷம் காத்திருக்க நேரிடும்.

நாம் கேட்க வேண்டியவை

இவற்றை உங்கள் தொழிற்சங்கத் தலைவரிடமும், பிரதேச சபை உறுப்பினரிடமும், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் கேளுங்கள்.

ஒன்று, கண்டுபிடிக்க வழி. தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ள மருத்துவ உதவியாளருக்கும், வீடு வீடாக வரும் மிட்வைஃப் அம்மாவுக்கும் இந்நோயின் அடையாளங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்ப ஓர் ஒழுங்கு வேண்டும்.

இரண்டு, தமிழில் சோதனை. ஞாபகத்தைச் சோதிக்க டொக்டர்மார் சில கேள்விகள் கேட்பார்கள். இன்றைக்கு என்ன திகதி, நூறிலிருந்து ஏழைக் கழி, ஒரு வசனம் எழுது என்பார்கள். ஸ்கூல் வாசலை மிதிக்காத நம் பாட்டிக்கு நோயே இல்லாவிட்டாலும் இதற்குப் பதில் வராது. ஆனால் எந்த மலை எப்போது கவ்வாத்து வெட்டினார்கள், தீபாவளி அட்வான்ஸ் எப்போது வரும், கோயில் திருவிழா எந்த மாதம் என்று கேட்டுப் பாருங்கள், பட்டென்று சொல்லுவார். சொல்ல முடியாமல் தடுமாறினால்தான் யோசிக்க வேண்டும். படிப்பில்லாதவர்களுக்கு ஏற்ற சோதனை, அவர்கள் பேசும் பாஷையில் வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். கிளினிக்கில் அது நடைமுறையில் தெரியவேண்டும்.

மூன்று, பகல் நிலையம். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று நினைக்கிறோம். கைக்குழந்தையை வைத்துள்ள தாய் எப்படி மலைக்குப் போகிறாள்? பிள்ளைக் காம்பரா இருப்பதால் போகிறாள். அங்கே ஆயா இருக்கிறார், பால் இருக்கிறது, தொட்டில் இருக்கிறது. அதேபோல முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு காம்பரா, பயிற்சி பெற்ற ஒரு உதவியாளர், ஒரு நேரச் சாப்பாடு இருந்தால் மகளுக்குப் பேர் விழும், பேத்தி ஸ்கூலுக்குப் போவாள், பூட்டும் தேவையில்லை. தோட்டத்துக்கும் ஆள் குறையாது. துரைமாரிடம் பேசும்போது இந்தக் கணக்கையும் எடுத்துச் சொல்லுங்கள்.

நான்கு, பார்த்துக்கொள்பவருக்கு ஓர் உதவித் தொகை. நோயாளியைப் பார்ப்பதும் வேலைதான். வேலை என்றால் அதற்கு ஒரு மதிப்பு வேண்டும்.

ஐந்து, திட்டம் எழுதும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி. நோயாளியைப் பார்க்கும் ஒரு தோட்டத்துப் பெண் அங்கே உட்கார்ந்து, "எங்க வீட்டுல இப்படித்தாங்க" என்று சொன்னால், பத்து அறிக்கை சொல்லாததை அது சொல்லும்.

சட்டம் வரும் வரைக்கும்

சட்டம் நாளைக்கே வராது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது.

வீட்டில் நோயுள்ளவர் இருந்தால் அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். செத்துப்போன அண்ணனைத் தேடினால், "அவர் செத்து இருபது வருஷம்" என்று சொன்னால் அவருக்கு அது இன்றைக்கு நடந்த சாவு போல இருக்கும். "அண்ணன் எப்படிப்பட்டவரு, சொல்லுங்க" என்று கேட்டுப் பேச்சை மாற்றலாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சாப்பாடு, குளிப்பு, படுக்கை என்று பழக்கப்படுத்துங்கள். கீரை ஆய, துணி மடிக்க, வெங்காயம் உரிக்கக் கொடுங்கள். கை பழகிய வேலையைக் கை சீக்கிரம் மறக்காது. மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி, கத்தி, மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். சட்டைப் பையில் அல்லது சேலை முந்தானையில், பெயர், தோட்டம், டிவிஷன், ஒரு போன் நம்பர் எழுதிய துண்டு இருக்கட்டும்.

நோய் ஆரம்பத்திலேயே தெரிந்தால், கையெழுத்துப் போடும் தெளிவு இருக்கும்போதே சில காரியங்களை முடித்துவிடுங்கள். சேமலாப நிதிப் பணமும் சேவைக்காலப் பணமும் எடுத்தாகிவிட்டதா, பின்னுரித்தாளி பெயர் கொடுத்திருக்கிறதா, அடையாள அட்டையிலும் பிறப்பு அத்தாட்சியிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அலைவதைவிட இப்போது ஒரு நாள் செலவழிப்பது மேல். முதியவரை ஏமாற்றிக் கைரேகை வாங்குகிறவர்களும் உண்டு. ஆகவே குடும்பத்தில் எல்லாரும் அறியச் செய்யுங்கள்.

இன்னும் வயசாகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 இல் லான்செட் என்ற வைத்திய சஞ்சிகையின் நிபுணர் குழு, மறதி நோயைக் கூட்டும் 14 காரணங்களைச் சொன்னது. அவற்றையெல்லாம் கவனித்தால் இந்நோயில் நூற்றுக்கு 45 அளவுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. படிப்புக் குறைவு, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், சிகரட், அளவுக்கு மிஞ்சிய குடி, தலையில் அடி, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அதில் உண்டு. ஐயாமாரே, சம்பள நாள் கசிப்பையும் கொஞ்சம் யோசியுங்கள். கண்ணில் வெள்ளை விழுந்தால் "வயசுக்கு வந்தது" என்று இருக்காமல் வெட்டிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளையை ஸ்கூலிலிருந்து நிறுத்தாதீர்கள். அவள் இன்றைக்குப் படிக்கும் படிப்பு, அவளுடைய எழுபது வயது மூளைக்கும் துணை.

உதவி கேட்க இடமும் உண்டு. மனநலம் பற்றிப் பேச 1926 என்ற இலக்கத்துக்கு போன் எடுக்கலாம். கொழும்பில் லங்கா அல்சைமர் நிறுவனம் 2001 முதல் இந்நோயாளிகளுக்காகவும் குடும்பங்களுக்காகவும் வேலை செய்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரைக் கேளுங்கள். முதியோர் சங்கம் இல்லாத டிவிஷனில் ஒன்று அமையுங்கள். நாமும் கூட வருகிறோம்.

கடைசியாக ஒன்று. இந்த மலைகளில் இன்று பச்சையாக நிற்கும் தேயிலையில் பாதியை நட்டவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் இந்த முதியவர்கள்தான். அவர்கள் பிடுங்கிய கொழுந்தில் இந்த நாடு அந்நியச் செலாவணி சம்பாதித்தது. இன்றைக்கு அவர்களில் சிலருக்குத் தாங்கள் செய்ததே ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு இப்போது நம்முடையது, அரசினுடையது. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில், சம்பளப் பிரச்சினை பேசி முடிந்ததும், முதியோருக்கான பகல் நிலையம் பற்றி யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள். மினிட் புத்தகத்தில் அதை எழுத வையுங்கள்.